எலிசா: வேலூரில் 1986-ல் ஆறு குழிகள் மஞ்சளான கதை

காயல்பட்டினத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வளைகுடா நாட்டிலிருந்து விசா வந்துவிட்டது என்றால், விமான டிக்கெட்டுக்கு முன்னால் அந்த வீட்டில் அடிபடும் சொல் 'மெடிக்கல்'. முன்பு காம்கா என்றும் இப்போது வாஃபித் என்றும் அழைக்கப்படும் ஏற்பாட்டில் அங்கீகாரம் பெற்ற மையம் ஒன்றுக்குப் போக வேண்டும். மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ரத்தம் கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்று ஒரு பட்டியலே அந்த ஒரு சிறு குழாய் ரத்தத்தில் பார்க்கப்படும். கடைசியில் கையில் கிடைப்பது இரண்டு சொற்களில் ஒன்று: ஃபிட், அல்லது அன்ஃபிட். கொழும்பு, ஹாங்காங், துபாய் என்று தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டிப் பழகிய ஊர் அது. ஆகவே அந்த ஒற்றைச் சொல்லுக்கு அங்கே எவ்வளவு கனம் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சொல்லைத் தீர்மானிக்கும் வேலையைச் செய்வது நோய் எதிர்ப்பு வேதியியல் என்ற துறை. தடுப்பாற்றல் வேதியியல் என்றும் சிலர் எழுதுவார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் விஷயம் எளிதானதுதான். இந்தத் துறை இந்தியாவின் வரலாற்றையே திருப்பிப் போட்ட ஒரு நாள் நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. வேலூரில், 1986 பிப்ரவரியில். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். (அப்போது காயல்பட்டினம் நெல்லை மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது அதே ஆண்டு அக்டோபரில்.)

கதைக்குள் போவதற்கு முன் கொஞ்சம் அடிப்படை. நம் உடலுக்குள் அன்னியமான ஒன்று, உதாரணமாக ஒரு கிருமியின் புரதம், நுழைந்தால் ரத்தத்தில் அதற்கென்றே ஒரு புரதம் உருவாகிறது. நுழைந்ததை ஆன்டிஜென் என்கிறோம். அதைப் பிடிக்க உருவாவதை ஆன்டிபாடி, தமிழில் எதிர்ப்பொருள், என்கிறோம். ஒரு எதிர்ப்பொருள் தனக்குரிய ஆன்டிஜெனைத்தான் பிடிக்கும், அடுத்ததைப் பெரும்பாலும் தொடாது. இந்தப் பிடிவாதம்தான் துறையின் மொத்த முதலீடு. ரத்தத்தில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் கலந்து கிடக்கும்போது அவற்றில் ஒன்றை மட்டும் தேடிப் பிடிப்பது வேதியியல் நிபுணர்களுக்குப் பெரும் தலைவலி. உடலோ அதற்கான கொக்கியைத் தானே செய்து வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கொக்கியை எடுத்து நாம் பயன்படுத்திக்கொண்டால் போதும்.

1890-ல் ஜெர்மனியில் எமில் வான் பேரிங்கும் ஜப்பானியரான கிதசாட்டோவும், நோய் கண்ட விலங்கின் சீரத்தில் நஞ்சை முறிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று காட்டினார்கள். 1896-ல் பிரான்சில் வைடால், டைபாய்டு நோயாளியின் சீரத்தை டைபாய்டு கிருமியோடு கலந்தால் கிருமிகள் திரண்டு கட்டியாவதைக் கொண்டு நோயைக் கண்டுபிடித்தார். ஆம், இன்றும் நம் ஊர் லேப் சீட்டுகளில் 'வைடால்' என்று எழுதப்படுவது அவர் பெயர்தான். நூறாண்டுக்கு மேல் பழைய சோதனை, அடிக்கடி ஏமாற்றும் சோதனை, ஆனாலும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறோம். 'இம்யூனோகெமிஸ்ட்ரி' என்ற பெயரைச் சூட்டியவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அர்ரீனியஸ். 1904-ல் கலிபோர்னியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு அவர் வைத்த தலைப்பு அது. பள்ளி வேதியியல் புத்தகத்தில் அமிலம், காரம் பாடத்தில் வருவாரே, அதே அர்ரீனியஸ்.

இதுவரை எல்லாம் கண்ணால் பார்க்கும் அளவுக்குத் திரண்டால்தான் தெரியும். மிக நுண்ணிய அளவை எப்படிக் காண்பது? அதற்கு வழி காட்டியவர்கள் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்த ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளின் உடலில் அந்த இன்சுலினுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகிறது என்று 1950-களில் கண்டார்கள். இவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருள் உருவாகாது என்று அன்றைய பெரியவர்கள் நம்பியதால் கட்டுரையை ஏற்க மறுத்தார்கள். தலைப்பிலிருந்து ஆன்டிபாடி என்ற சொல்லை எடுத்த பிறகுதான் 1956-ல் அது அச்சேறியது. யாலோ அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, 1977-ல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையிலேயே காட்டினார். பெர்சன் 1972-லேயே இறந்துவிட்டதால் அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. எதிர்ப்பொருளையும் கதிரியக்கம் ஏற்றிய மூலக்கூறையும் சேர்த்து ஹார்மோன்களை அளக்கும் அவர்களுடைய முறைக்கு ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்று பெயர். தைராய்டு, இன்சுலின் அளவுகளை முதன்முதலில் சரியாகப் பார்க்க முடிந்தது அதனால்தான்.

ஆனால் கதிரியக்கம் என்றால் உரிமம் வேண்டும், எண்ணும் கருவி வேண்டும், கழிவைக் கொட்ட இடம் வேண்டும். 1971-ல் ஸ்டாக்ஹோமில் எவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும், நெதர்லாந்தில் வான் வீமனும் ஷூர்ஸும், தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்தார்கள். கதிரியக்கத்துக்குப் பதில் ஒரு நொதியை ஒட்டிவிட்டால் என்ன? நொதி நிறமற்ற ஒரு பொருளை நிறமுள்ளதாக மாற்றும். நிறத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதுதான் எலிசா. யாலோவின் கண்டுபிடிப்பு மேதாவித்தனமானது என்றால், சாதாரண மருத்துவமனைக்கு உண்மையில் உதவியது இந்த இரண்டாவது யோசனைதான். பெரிய கருவிகள் இல்லாத நாடுகளின் வாசலுக்கு இந்தத் துறை வந்தது அப்போதுதான்.

இனி சென்னைக்கு வருவோம்.

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் என்ற நோய் வெளிப்பட்டது. 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1985 மார்ச்சில் அமெரிக்க அரசு முதல் எலிசா கிட்டுக்கு அனுமதி கொடுத்தது. இந்தியாவில் அப்போது நிலவிய எண்ணம் வேறு. அது ஒழுக்கம் கெட்ட மேல்நாட்டுக்காரர்களின் நோய், நம் குடும்பக் கட்டுக்கோப்பை மீறி இங்கே நுழையாது என்று பத்திரிகைகளே எழுதின. அது இங்கே வருவதற்குள் அமெரிக்காக்காரன் மருந்து கண்டுபிடித்துவிடுவான் என்றும் சிலர் சொன்னார்கள். மும்பையில் எடுத்த நூற்றுக்கணக்கான ரத்த மாதிரிகளைப் புனேயில் சோதித்தபோது ஒன்றில்கூடத் தொற்று இல்லை என்று வந்தது, அந்த நம்பிக்கைக்கு இன்னும் வலு சேர்த்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். சென்னையிலேயே வாழ்ந்த ஒரு மராட்டியக் குடும்பத்துப் பெண். வெளிநாடுகளில் பயிற்சி பெற்று 1973-ல் திரும்பியவர். எய்ட்ஸ் பற்றிய மருத்துவக் கட்டுரைகளைப் படித்து வந்த அவருக்கு, நம் ஊரில் தேடாமலேயே இல்லை என்று சொல்வது சரியாகப் படவில்லை. அவரிடம் முதுநிலைப் படிப்பில் இருந்த மாணவி செல்லப்பன் நிர்மலா. வயது 32, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். 1985 இறுதியில், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார் என்றார் பேராசிரியர்.

நிர்மலாவுக்கு இதில் விருப்பமே இல்லை. சிறிய ஊரில், கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். பாலியல் தொழிலாளர்களிடம் போய்ப் பேச வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தயக்கமாக இருந்தது. ஊக்கம் கொடுத்து அனுப்பியவர் கணவர் வீரப்பன் ராமமூர்த்தி. அப்போது அவர்களிடம் பணம் அதிகம் கிடையாது. பஸ் காசை மிச்சம் பிடிக்க, கணவரே தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவாராம். இன்று இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் இந்தியாவின் மிகப் பெரிய மருத்துவக் கண்டுபிடிப்புகளில் ஒன்றுக்குக் கிடைத்த பயண நிதி அவ்வளவுதான்.

தேவைப்பட்டது 200 மாதிரிகள். மும்பையில் இருப்பதைப் போல 'அந்த ஏரியா' என்று தனியாக ஒன்று சென்னையில் இல்லை. அரசுப் பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்களுக்காக வரும் பெண்களோடு பேசிப் பழகி, போலீஸ் பிடித்த பெண்களை நீதிமன்றம் எங்கே அனுப்புகிறது என்று தெரிந்துகொண்டார் நிர்மலா. விஜிலென்ஸ் ஹோம் எனப்படும் அரசுக் காப்பகம் அது. ஜாமீன் கட்ட வழியில்லாதவர்கள் அங்கேதான் இருப்பார்கள். தினமும் வேலைக்கு முன்னால் அங்கே போய், மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்தார். கையுறை கிடையாது, பாதுகாப்புக் கருவி எதுவும் கிடையாது.

அந்தப் பெண்களிடம் எதற்கான சோதனை என்று அவர் சொல்லவில்லை. சொன்னாலும் புரிந்திருக்காது, ஏதோ பால்வினை நோய்ச் சோதனை என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது பிற்காலத்தில் அவரே பேட்டியில் கூறியது. அன்றைய மருத்துவ உலகில் இது யாரையும் உறுத்தவில்லை. இன்றைய சட்டப்படி இது நடக்கவே முடியாது. கைதாகி அடைபட்டிருக்கும் ஒரு பெண், வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கையை நீட்டச் சொன்னால் முடியாது என்று சொல்வாரா? இந்தக் கதையைப் பாராட்டும்போதே இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எடுத்த ரத்தத்தை அப்படியே வைக்க முடியாது. உறைய விட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரான சீரத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டும். எதிர்ப்பொருள்கள் இருப்பது அதில்தான். சுனிதி சாலமன் தன் கணவர், இதய அறுவை மருத்துவரான சாலமன் விக்டரின் உதவியோடு ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தை ஒப்பேற்றினார். பிரித்த சீரத்தை வைக்க இடம்? நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜ்தான்.

சென்னையில் எலிசா செய்ய வசதி இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் துறைக்குத் தலைவராக இருந்த டாக்டர் ஜேக்கப் டி. ஜான் சம்மதித்தார். 1986 பிப்ரவரியில் ஒரு நாள், நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போனார்கள். அங்கிருந்து ஆட்டோ.

சோதனை காலையில் தொடங்கியது. உடன் இருந்தவர்கள் பி. ஜார்ஜ் பாபு, எரிக் சிமோய்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக 96 சின்னக் குழிகள். இட்லித் தட்டைப் பொம்மை அளவுக்குச் சுருக்கியது போல இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் வைரஸின் புரதங்கள் முன்பே ஒட்டப்பட்டிருக்கும். குழிக்கு ஒருவர் என்று சீரத்தை ஊற்றுகிறார்கள். அந்த சீரத்தில் வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால் அது அடியில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சும்மா மிதக்கும். பிறகு கழுவுகிறார்கள். மிதந்தது போய்விடும், பிடித்தது நிற்கும்.

இப்போது இரண்டாவதாக ஒரு எதிர்ப்பொருள் ஊற்றப்படுகிறது. இது மனிதனின் எதிர்ப்பொருளையே ஆன்டிஜெனாக நினைத்துப் பிடிக்கும்படி ஆடு போன்ற ஒரு விலங்கில் உருவாக்கியது. இதன் முதுகில் ஒரு நொதி ஏற்றப்பட்டிருக்கும். குழியில் முன்பே மனித எதிர்ப்பொருள் நின்றுகொண்டிருந்தால் இது போய் அதன்மேல் உட்காரும். மறுபடி கழுவல். கடைசியாக நிறம் தரும் கரைசல். நொதி நிற்கும் குழியில் மட்டும் நிறம் வரும். மற்றவை தண்ணீர் போல இருக்கும். பார்த்தால் எல்லா உழைப்பும் கழுவுவதில்தான் இருக்கிறது. ஒரு முறை சரியாகக் கழுவாவிட்டாலும் ஆரோக்கியமான ஒருவர் நோயாளி ஆகிவிடுவார்.

நண்பகலில் மின்சாரம் போய்விட்டது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது முதலில் வந்தது நிர்மலாவும் ஜார்ஜ் பாபுவும். பாபு மூடியைத் திறந்தார், உடனே மூடிவிட்டார். ஆனால் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. அவர் இதை எதிர்பார்க்கவேயில்லை. எதுவும் வராது, கட்டுரையில் இல்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். பின்னால் வந்த ஜேக்கப் ஜான் தட்டைப் பார்த்தவுடன் கேட்ட கேள்வி, இந்த மாதிரிகளை எங்கே எடுத்தீர்கள் என்பது. விஷயத்தை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அந்த எச்சரிக்கைக்கு அறிவியல் காரணமும் உண்டு. எலிசாவில் மஞ்சள் வந்துவிட்டால் தொற்று உறுதி என்று அர்த்தமில்லை. அந்தக் கால கிட்டுகளில் ஒட்டியிருந்த வைரஸ் மனித செல்களில் வளர்க்கப்பட்டது. ஆகவே வைரஸோடு சேர்ந்து அந்தச் செல்களின் புரதங்களும் கொஞ்சம் குழியில் இருக்கும். பல பிரசவங்கள் ஆன பெண்களுக்கும், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பிறர் செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் உடலில் இருக்கலாம். அது அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் வைரஸே இல்லாமல் குழி மஞ்சளாகும்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் பேரில் பத்துப் பேருக்கு மட்டும் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை நூற்றுக்கு ஒரு முறைதான் தவறாக 'உண்டு' என்று சொல்லும். மிக நல்ல சோதனை என்றுதானே தோன்றுகிறது? ஆனால் தொற்று இல்லாத 9,990 பேரில் சுமார் நூறு பேருக்கு மஞ்சள் வரும். உண்மையான பத்துப் பேரையும் சேர்த்தால் 110 மஞ்சள். அதில் பத்துதான் நிஜம். ஒரே ஒரு எலிசாவை நம்பி ஒருவரிடம் முடிவைச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று இதிலிருந்து தெரியும். இந்தியாவில் இன்று வேறு வேறு வகைக் கிட்டுகளில் அடுத்தடுத்துச் சோதித்த பிறகுதான் நோய் உறுதி செய்யப்பட வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான்.

ஆகவே சிமோய்ஸும் பாபுவும் சென்னைக்கு வந்து அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சிமோய்ஸ் அவற்றை அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார். அங்கே வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனை செய்யப்பட்டது. வைரஸின் புரதங்களை முதலில் அளவுவாரியாகப் பிரித்து, ஒரு பட்டையில் ஏணிப்படி போல ஒட்டி, பிறகு சீரத்தை அதன்மேல் விடுவது இதன் முறை. பொதுவாக 'ஏதோ ஒன்றைப் பிடித்தது' என்று இல்லாமல், வைரஸின் எந்தெந்தப் புரதத்தைப் பிடித்தது என்று படிப்படியாகத் தெரிந்துவிடும். தற்செயலாக ஒரு படியில் கோடு விழலாம், வைரஸுக்கே உரிய பல படிகளில் சேர்ந்து விழாது. ஆறு பேரின் முடிவும் உறுதியானது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சொன்னார்கள். கழகம் பிரதமர் ராஜீவ் காந்திக்கும், தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டேவுக்கும் தெரிவித்தது. 1986 மே மாதம் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடே அதிர்ந்தது. பலர் நம்பவில்லை, சோதனையையே சந்தேகித்தார்கள். ஒரு வேடிக்கை: வேலூரில் அந்தக் குழிகள் மஞ்சளானபோது 'எச்.ஐ.வி.' என்ற பெயரே கிடையாது. அந்தப் பெயர் முடிவானது அதே மே மாதத்தில். 1987-ல் இவர்கள் எல்லோரும் சேர்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்ட கட்டுரையில் வைரஸின் பழைய பெயரான எச்.டி.எல்.வி.-3 தான் இருக்கிறது.

அந்த ஆறு பெண்கள் என்ன ஆனார்கள்? வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சுனிதி சாலமனின் புகழுக்குத் தாவிவிடுகிறார்கள். சோதனை முடிவு அந்தப் பெண்களுக்குச் சிகிச்சை எதையும் கொண்டு வரவில்லை. மருந்தே இல்லாத காலம் அது. அது கொண்டு வந்தது பூட்டு. தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களைக் காப்பகங்களில் தொடர்ந்து அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டு, 1990-ல்தான் அவர்கள் வெளியே வர வழி பிறந்தது. கோவாவில் ரத்த தானம் செய்யப் போன டொமினிக் டிசோசா என்ற இளைஞரை 1989-ல் இதே காரணத்துக்காக 64 நாட்கள் அடைத்து வைத்ததும் இந்தச் சமயத்தில்தான். ரத்தத்தில் ஒரு எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது வேதியியல் உண்மை. அதைக் குற்றமாக மாற்றியது நாம்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிலைமை மாறியது. 1989-ல் தானம் பெறும் ரத்தத்துக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. 1993-ல் சுனிதி சாலமன் தன் தந்தையின் பெயரில் ஒய்.ஆர். கைத்தொண்டே மையத்தைச் சென்னையில் தொடங்கி, வேறு யாரும் தொடத் தயங்கிய நோயாளிகளைப் பார்த்தார். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியபோது, முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

மருந்து வந்த பிறகு இதே துறை வேறு ஒரு வேலைக்கும் வந்தது. அன்று யாருக்கு மருந்து தொடங்குவது என்பதை சிடி4 என்ற வெள்ளணு எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் வெள்ளணுக்களில் சிடி4 வகையை மட்டும் எப்படிப் பிரித்து எண்ணுவது? அதன் மேல்பரப்பில் உள்ள புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயம் ஏற்றி. ஒரே மாதிரியான எதிர்ப்பொருளைத் தேவையான அளவு தயாரிக்கும் வித்தையை 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு 1984-ல் நோபல் பரிசு. மார்பகப் புற்றுநோய்த் திசுவில் ஹெர்2 புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதும், அதையே தாக்கும் மருந்தும்கூட இந்த வித்தையின் பிள்ளைகள். மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும், 2020-க்குப் பிறகு எல்லோர் வீட்டுக்கும் வந்த கொரோனா ஆன்டிஜென் பட்டையும் எலிசாவின் சுருக்கம்தான். குழிக்குப் பதில் காகிதம், கழுவலுக்குப் பதில் ஊறிப் போகும் நீர். பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு ஊசி 1890-ன் நேரடி வாரிசு. குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அதன் எதிர்ப்பொருளை எடுக்கிறார்கள். அதற்கான விஷத்தை, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தச் சோதனை மனிதர் கையில்தான் இருக்கிறது என்பதற்கு 2018-ல் தென்மாவட்டத்தில் நடந்ததே சாட்சி. அந்த ஆண்டு டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அந்த ரத்தம் சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்தது, சோதிக்கப்பட்டது என்ற குறிப்போடு. உண்மை வெளியே வந்தது எப்படித் தெரியுமா? ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்தார். அதில் தொற்று தெரிந்தது. தெரிந்தவுடன் அவரே ரத்த வங்கிக்குப் போய்ச் சொன்னார், என் ரத்தத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று. அதற்குள் ஏற்றிவிட்டார்கள். 2016-ல் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. குற்ற உணர்ச்சி தாங்காமல் அந்த இளைஞர் டிசம்பர் இறுதியில் இறந்துபோனார். இந்தக் கதை முழுவதிலும் நேர்மையாக நடந்துகொண்டவர் அவர்தான்.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் உரிமைக்கான சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்கிறது அது. காப்பகத்தில் கை நீட்டிய பெண்களுக்கு முப்பத்திரண்டு ஆண்டு பிந்தி வந்த சட்டம்.

சாத்தூர்ப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையை எலிசாவால் சோதிக்க முடியாது. தாயின் எதிர்ப்பொருள்கள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குள் வந்துவிடும், ஒன்றரை வயது வரைகூட நிற்கும். ஆகவே குழிகள் மஞ்சளாகத்தான் ஆகும், குழந்தைக்குத் தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும். இங்கே எதிர்ப்பொருளை விட்டுவிட்டு வைரஸின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேட வேண்டும். அப்படிச் செய்த முதல் சோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று வந்தது. அந்த ஆண்டு ஜூலையில், தாய்க்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

நிர்மலா 1987 மார்ச்சில் தன் ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்தார். தலைப்பு, தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு. பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசித் தயாரிப்பில் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றார். சுனிதி சாலமன் 2015 ஜூலையில் காலமானார். 2017-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மாணவிக்கு விருது எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. கண்டுபிடித்து முப்பது ஆண்டு கழித்து, 2016-ல் பி.பி.சி. வந்து கேட்ட பிறகுதான் அவருடைய ஐஸ் பெட்டியும் ஸ்கூட்டரும் வெளியுலகில் பலருக்குத் தெரிந்தன.